தட்டினால் விட வேண்டும்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அவன் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, ஒட்டி வைத்த முழங்கால்கள், அதன் மேல் அடக்கமாக இரண்டு கைகள். நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் தோற்றுப்போவான். ரோந்து முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கினால் அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். மரியாதையாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. உள்ளே முன்மேஜையில் அண்ணி கையெழுத்துப் பதிவேட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாசல்ல அவன் உட்கார்ந்திருக்கான்” என்றேன்.

“அப்படியா? எனக்கு யாரும் தெரியலையே” என்றாள், தலையைத் தூக்காமல்.

அவள் மேஜைக்கு வாசல் இடது பக்கம். அண்ணிக்கு இடது கண் கிடையாது. இருப்பது கண்ணாடிக் கண். அது பார்க்காது, பார்ப்பதுபோல் நடிக்கும். அந்தக் கண் போனதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தன் வெளியே பெஞ்சில் இருந்தான். இன்னொருத்தி நான்.

அண்ணி எனக்கு அண்ணியாக வருவதற்கு முன்பே சிநேகிதி. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பக்கத்துக் கட்டில். ஒரே சோப்பு, ஒரே பூட்டு, ஒரே ஷூ பாலிஷ் டப்பா. இவளை விட்டுவிட்டால் இப்படி ஒருத்தி நம் வீட்டுக்குக் கிடைக்கமாட்டாள் என்று என் அண்ணனைப் பிடித்து உலுக்கிக் கட்டிவைத்ததே நான்தான். அதனால் கூப்பிடுவது அண்ணி என்று, பேசுவது பழையபடி நீ, வா, போ என்று. இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டேஷனில் வேலை கிடைத்தது, ஒரே ஜீப்பில் ரோந்து கிடைத்தது. மாமியார் மெச்சின மருமகள் இல்லை என்பார்கள். என் அம்மா கடைசி வரைக்கும் மகளைத் திட்டினாள், மருமகளை மெச்சினாள்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் முதல் நாள் குத்தவும் கற்றுத்தரவில்லை, உதைக்கவும் கற்றுத்தரவில்லை. தட்டக் கற்றுத்தந்தார். யாராவது உன் கையை முறுக்கி வலி தாங்க முடியாமல் போனால், சும்மா இருக்கிற கையால் மெத்தையை இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டின சத்தம் கேட்டதும் முறுக்குகிறவள் விட்டுவிட வேண்டும். “தட்டினா விடணும். யோசிக்கவே கூடாது. நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவ மூட்டு போயிடும்” என்பார். வேலைக்கு வந்த பிறகும் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு அதே மெத்தை, அதே வியர்வை நாற்றம், அதே மாஸ்டர். ஒன்பது வருஷம். நான் அண்ணியின் கையை முறுக்குவேன், அவள் தட்டுவாள், விடுவேன். அவள் என் கையை முறுக்குவாள், நான் தட்டுவேன், விடுவாள். கடைசிக் காலத்தில் பேசிக்கொண்டே செய்வோம். வீட்டுக் குழாய் ரிப்பேர், பிள்ளைகளின் மார்க்கு, அண்ணனின் குறட்டை, தட்டு, விடு, இப்போது என் முறை. மூளைக்கு அதில் வேலையே இல்லை.

அன்றைக்குப் பட்டப்பகல், பதினோரு மணி. பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஒருவன் ஓடினான். நாங்கள் எதிர்ச்சாரியில் இருந்தோம். சாலையைக் கடந்து ஓடி, அவன் தன் பைக்கில் கை வைக்கும்போது பின்னங்காலைத் தட்டிவிட்டேன். குப்புற விழுந்தான். வலது கையைப் பின்னால் இழுத்து நீட்டி, மணிக்கட்டை மடக்கி, தோள்பட்டையில் என் முட்டியை வைத்து அழுத்தினேன். புத்தகத்தில் படம் போட்டுப் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு சுத்தமான பிடி. சுற்றிலும் கூட்டம். ஒருத்தர் கைகூடத் தட்டினார். அண்ணி இடுப்பிலிருந்து விலங்கை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அப்போது அவன் இடது கையால் தார்ச்சாலையைத் தட்டினான். பட், பட்.

நான் விட்டேன்.

இதை எத்தனை பேரிடம், எத்தனை விதமாகச் சொல்லியாகிவிட்டது. நான் விட நினைக்கவில்லை. ‘நான்’ என்று ஒருத்தி அந்த இடத்தில் இருந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள். என் கைகள் தாமாகத் திறந்துகொண்டன. போதாததற்கு, முட்டியையும் எடுத்துக்கொண்டு அரை அடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன், அடுத்தது என் முறை என்பதுபோல. அவன் திரும்பிப் படுத்து, விட்ட கையை வீசினான். அந்த முஷ்டிக்குள் பைக் சாவி விரலிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி குனிந்த நிலையில் இருந்தாள். அவள் கத்தக்கூட இல்லை. “அய்ய” என்று மட்டும் சொன்னாள், பால் பொங்கி வழிந்தால் சொல்வாளே, அப்படி.

மூன்று நாள் கழித்து வேறு ஸ்டேஷன்காரர்கள் அவனைப் பிடித்தார்கள். கோர்ட்டில் அவன் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி ஒரே ஒரு கேள்வியைத்தான் நாலு விதமாகக் கேட்டார். பிடித்துவிட்டீர்கள், பிடி இறுக்கமாக இருந்தது, விலங்கும் வந்துவிட்டது, பிறகு ஏன் விட்டீர்கள்? “தட்டினான், விட்டுட்டேன்” என்றேன். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி பேனாவை வாயருகே வைத்துக்கொண்டார். அவன் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தான். வக்கீல் அவன் காதில் விளக்கிச் சொன்னார். “எனக்கு வலிச்சுது, தரையில அடிச்சேன், வேற ஒண்ணும் தெரியாது” என்று வாக்குமூலம் கொடுத்தான். பொய். அவனுக்குத் தெரியும். எங்கேயோ எவனிடமோ கற்றிருக்கிறான். அப்படி இல்லாமல் எப்படி அளவெடுத்ததுபோல் இரண்டே தட்டு? இன்றைக்கும் நான் அதை நம்பவில்லை, நம்பவும் மாட்டேன். கண் போனது கைகலப்பில் நேர்ந்தது, வேண்டுமென்று செய்ததல்ல என்று சொல்லி இரண்டு வருஷம் கொடுத்தார்கள். ஒரு கண்ணுக்கு இரண்டு வருஷம்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஸ்டேஷன் வாயைக் கேட்கவே வேண்டாம். எனக்கு ‘விட்டக்கா’ என்று பெயர் வைத்தார்கள். நான் ஒரு ஃபைலைக் கையில் எடுத்தால் போதும், எதிர்மேஜையில் எவனாவது விரலால் பட் பட் என்று தட்டுவான். டீ கிளாஸைப் பிடித்திருந்தால் தட்டுவான். ஒரு நாள் இன்ஸ்பெக்டரே மறந்தாற்போல் தட்டிவிட்டு, இருமிச் சமாளித்தார். மாஸ்டரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். ‘பயிற்சி முறையில் குறைபாடு இல்லை, தனிநபர் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருஷம் சனிக்கிழமைதோறும் யோசிக்காதே யோசிக்காதே என்று தலையில் குட்டிய மனிதர். நேரே போய், “இதை எப்படி மறக்கறதுன்னு சொல்லிக் குடுங்க சார்” என்று கேட்டேன். “தட்டினதுக்கு அப்புறமும் விடாம இருக்கணும்னா நீ வேற எடம் பாரு. இது கசாப்புக் கடை இல்ல” என்றார். அவர் முகத்துக்கு நேரே மெத்தையில் காறித் துப்பாமல் வந்ததுதான் அன்றைக்கு நான் காட்டிய ஒரே மரியாதை.

என் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டாததுதான் பொறுக்கவில்லை. கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டு வந்த அன்றைக்குப் பார்க்கப் போனேன். கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னை நாலு அறையாவது அறைஞ்சு தொலையேன் அண்ணி” என்றேன்.

“உன்னை அறைஞ்சு நான் என்ன பண்ண? உன் மேல எனக்குக் கோபமே இல்லன்னு நெனைக்காத. இருக்கு. ஆனா அதை வாங்கிக்க வேண்டியவன் வேற.” பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பினாள், இப்போதெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் அவள் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். “அவன் கண்ணு எனக்கு வேணாம். அவன் மறுபடி உன் கையில மாட்டணும். மறுபடி தட்டணும். நீ விடக் கூடாது. அவன் கை ஒடியற சத்தம் எனக்குக் கேக்கணும். அவ்வளவுதான்.”

சரி என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

சனிக்கிழமை மெத்தை இல்லையென்றால் என்ன, வீட்டில் தரை இருக்கிறது, புருஷன் இருக்கிறார். என் வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் முன்னறையில் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டி, அச்சில் ஊற்றி, ராவி, மெருகேற்றி, முழு வாய்க்குப் பல் கட்டிக் கொடுப்பார். அலமாரி முழுக்கச் சுண்ணாம்பு அச்சுத் தாடைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் பயப்படுவார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. ஏப்ரனைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்தார். “இந்த வீட்டுல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்க என்னை விட்டா வேற யாரு இருக்கா?” என்றார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். ஏற்பாடு இதுதான்: நான் அவர் கையைப் பின்னால் வாங்கி வலிக்கத் தொடங்கும் இடம் வரைக்கும் கொண்டுபோவேன். அவர் தட்டுவார். நான் அங்கேயே நிறுத்தி ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். அதன் பிறகுதான் விட வேண்டும். முதல் மாதம் முழுக்க எனக்கு ‘ஒன்று’ கூட வாயில் வரவில்லை. அவர் தட்டுவதற்குக் கையைத் தூக்கும்போதே என் விரல்கள் விட்டுவிடும். ஆத்திரத்தில் என் கையையே சுவரில் குத்தினேன். இரண்டாவது மாதம் மூன்று வரைக்கும் வந்தது. அவர் அவசரமான வேலை இருந்தாலும் எழுந்து வந்து படுத்தார். சில நாள் தரையில் கன்னத்தை வைத்தபடியே, “அந்தக் கீழ்த்தாடை சரியா காயல போல இருக்கே” என்பார். நாலு மாதத்தில் ஏழு. எட்டு மாதத்தில் பத்து. அண்ணிக்கு ஃபோன் செய்து “பத்து” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அவன் வெளியே வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. பழகின கையைத் துருப்பிடிக்க விடலாமா? தினமும் இன்னும் ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று கொண்டுபோனேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தட்டினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மறுபடி தட்டினார். நான்கு. தரையை அறைந்தார், “ஏய், ஏய்” என்றார். ஆறு, ஏழு. எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. எட்டு எண்ணும்போது முழங்கைக்குள் ஈர விறகு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கை திறக்கவில்லை! ஒன்பது வருஷப் பழக்கம் செத்துப்போய்விட்டது! அதற்கு அப்புறம்தான் கீழே கிடப்பது யார் என்று தெரிந்தது. ஆட்டோவில் போகும்போது அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். “எண்ணி முடிச்சியா?” என்று கேட்டார். இல்லை, எட்டுதான் என்றேன். “அப்ப இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏழு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுசாக நீளவில்லை. சுரண்டுகிற கத்தியை இப்போது இடது கையில் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஆறு மணிக்கு அவர் தரையில் படுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவன் நன்னடத்தை என்று சொல்லி நாலு மாதம் முன்னதாகவே வெளியே வந்தான். நன்னடத்தை! ஒரு வருஷத்துக்குத் திங்கட்கிழமைதோறும் எங்கள் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. பதிவேடு இருந்தது அண்ணியின் மேஜையில். ஒற்றைக் கண்ணுக்கு ரோந்து கொடுக்கமாட்டார்கள், மேஜைதான் கொடுப்பார்கள். அவன் முதல் வாரம் வந்தபோது நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குனிந்து கையெழுத்துப் போட்டான். அண்ணி அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, கையெழுத்து காய்ந்ததும் நோட்டை மூடினாள். அவனுக்கு மெயின் ரோட்டுக்குப் பின்னால் வண்டி கழுவும் ஷெட்டில் வேலை. நான் ரோந்துக்கு எப்போதும் அந்த வழியாகவே போனேன். ஒரு தப்புச் செய்யமாட்டானா? ஒரு கழுத்தில் கை வைக்கமாட்டானா? குடித்துவிட்டு எவனையாவது அடிக்கமாட்டானா? மூன்று மாதம் பார்த்தேன். கார் கழுவினான், மிதியடி தேய்த்தான், சாப்பிட்டான், வீட்டுக்குப் போனான். திருந்திவிட்டானாம். இவன் பாட்டுக்குத் திருந்தித் தொலைத்தால் நான் கொடுத்த வாக்கு என்னாவது?

முதலில் சொன்னேனே, அந்தத் திங்கட்கிழமைதான் அவன் பெஞ்சில் இருந்ததைப் பார்த்தேன், அண்ணி யாரும் தெரியவில்லை என்றாள். பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான். இரண்டு முறை கதவருகே வந்து நின்றான். “கூப்பிட்டா வா” என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னாள். கூப்பிடவே இல்லை. அவன் போனான். அடுத்த திங்கட்கிழமையும் அதே பெஞ்ச், அதே வெள்ளைச் சட்டை, அதே பன்னிரண்டு மணி. வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். அவன் இரண்டு வாரமாகக் கையெழுத்துப் போடவில்லை, பிடித்து வரலாம் என்று உத்தரவு. இன்ஸ்பெக்டர் கையெழுத்து இருந்தது. அவர் பதிவேட்டைப் பார்த்திருப்பார்; பதிவேட்டில் அண்ணி ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு சிவப்புக் கோடுகள் இருந்தன.

“ஆள் வரல” என்றாள் அண்ணி.

“வந்தான் அண்ணி.”

“நீ பாத்தியா?”

பார்த்ததை ஒரே நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சார், அவன் வந்திருந்தான், நானே பார்த்தேன் என்று ஒரு வரி. என் வேலையும் பிழைக்கும், அவள் வேலையும் எப்படியாவது பிழைக்கும். சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டேன்.

“நானும் வரேன்” என்று எழுந்தாள். அவளுக்கு மேஜையை விட்டு எழ அனுமதி கிடையாது. விலங்கை எடுத்தாள். அது அவளுடைய பழைய விலங்கு. அன்றைக்குத் தார்ச்சாலையில் விழுந்த கீறல் அதில் இன்னும் இருந்தது.

மூன்று மணி வெயில். ஷெட்டின் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒரு காரின் மிதியடிகளைச் சிமெண்டுத் தரையில் பரப்பி அவன் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடியது. அண்ணி கேட்டை ஒட்டி, சாலையைப் பார்த்து நின்றுகொண்டாள், யாராவது வந்தால் சொல்வதற்கு. என்னைப் பார்த்ததும் அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். காகிதத்தைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

“நான் வந்தேன் மேடம். ரெண்டு திங்களும் வந்தேன். உள்ள கூப்பிடல.” பிறகு என்னைப் பார்த்தான். “நீங்க பாத்தீங்களே மேடம்.”

“கையைக் குடு” என்றேன்.

ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். ஓடேன்டா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவன் இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினான், விலங்குக்குத் தோதாக. எனக்கு வேண்டியது அது இல்லை. வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, காலை வாரி, குப்புறத் தள்ளினேன். ஈரச் சிமெண்டில் அவன் கன்னம் பட்ட சத்தம் கேட்டது. கையைப் பின்னால் நீட்டி, முட்டியைத் தோளில் வைத்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பிடிக்குள் அந்த முழங்கை, உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். எங்கே வலிக்கத் தொடங்கும், எங்கே தாங்காது, எங்கே பிளக்கும், எல்லாம் தெரியும். என் புருஷன் கையில் விலை கொடுத்துக் கற்றது.

அழுத்தினேன். அவன் மூச்சு நின்று நின்று வந்தது. இன்னும் அழுத்தினேன். இனித் தட்டுவான். யாராயிருந்தாலும் இந்த இடத்தில் தட்டியே ஆக வேண்டும். என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன், ஒன்றுகூட ஆடவில்லை. இரண்டு வருஷம் காத்திருந்த அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவன் தட்டவில்லை.

இடது கையை முகத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தான். ஐந்து விரலும் அகல விரிந்து, உள்ளங்கை தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. புறங்கை நரம்புகள் புடைத்தன. அந்தக் கை மேலே எழும்பப் பார்த்தது, எனக்கே தெரிந்தது. அவன் அதை எழும்ப விடாமல் அமுக்கி வைத்திருந்தான். தட்டினதால்தான் நான் விட்டேன் என்று கோர்ட்டில் வக்கீல் அவன் காதில் சொன்னாரே, அது ஞாபகம் வந்தது. ஒரு முடி அளவு இன்னும் முறுக்கினேன். அவன் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

“தட்டு” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டான்.

“வலிக்குதில்ல? தட்டுடா! தட்டித் தொலைடா!” எனக்கே என் குரல் நாராசமாக இருந்தது. அடிக்க வந்தவளின் குரல் இல்லை அது, கெஞ்சுகிறவளின் குரல். “நாயே, ஒரு தடவை தட்டுடா, உனக்கென்ன கேடு!”

“தட்டிட்டானா?” என்றாள் அண்ணி, கேட்டிலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். அவள் இடது பக்கம்தான் எங்களைப் பார்த்து இருந்தது. கண்ணாடிக் கண் நேராக எங்கள் மேல் இருந்தது, ஒன்றையும் பார்க்காமல். கழுத்தைத் திருப்பினால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை. விலங்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒடிகிற சத்தத்துக்காகத் தலையைச் சாய்த்து நின்றாள். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்புவாள். அதற்கு அப்புறம் ஒரே ஒரு நூல்.

“ஏய், உன்னைத்தான் கேக்கறேன். தட்டிட்டானாடீ?”

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோஸிலிருந்து வந்த தண்ணீர் அவன் விரல்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. சோப்பு நுரை நகக்கண்களில் கொஞ்சம் தங்கிவிட்டுப் பிறகு போயிற்று. தரையோடு அழுந்திய அந்த ஐந்து விரல்களும் அப்படியே இருந்தன.